வீட்டு அபாயகரக் கழிவுக்குத் தனிச் சேகரிப்பு: பேரூராட்சி எந்த நிதியில், யாரைக் கொண்டு நடத்துவது?

கேள்வி: பள்ளத்தாக்கு_வார்டு

அனைவருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரை வைத்துக்கொண்டாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

எங்கள் வளம் மீட்பு பூங்காவில் மக்காத குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவருக்கு, மூன்று மாதங்களுக்கு முன்பு, பால் பாக்கெட்டுகளுக்கு இடையில் கிடந்த இன்சுலின் ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு விரலில் ஏறிவிட்டது. நல்லவேளையாகப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைப் பேசியபோதுதான், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடையோடு நாங்கள் நின்றுவிட்டோம் என்பதும், இத்தகைய அபாயகரக் கழிவுக்கென்று விதிகள் தனியாக ஒரு கூடை கேட்கின்றன என்பதும் எல்லோருக்கும் உறைத்தது.

உடனே ஒருநாள் முகாம் நடத்தினோம். துண்டறிக்கையில் ‘காலாவதியான மருந்துகள், பழைய பேட்டரிகள், எரிந்துபோன டியூப்லைட்டுகள், ஊசிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும்’ என்று அச்சிட்டோம். அங்கேதான் தவறு செய்துவிட்டோம். திராட்சைத் தோட்டமும் ஏலத்தோட்ட வேலையுமாக வாழும் எங்கள் ஊரில் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெளிப்பானில் ஊற்றுவதுதான். மாத்திரை அட்டைகள் ஒரு சாக்கு வந்தன. பாதி காலியான பூச்சிமருந்து பாட்டில்கள் ஐந்து சாக்கு வந்தன. ஒரு பெரியவர் தம் அப்பா காலத்து டப்பா ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தகரம் துருப்பிடித்து, பெயர் எழுதிய தாள் உதிர்ந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை. அறிக்கையில் நாங்களே கேட்டிருந்ததால் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

இப்போது அவை அனைத்தும் உரக்கிடங்கை ஒட்டிய ஓர் அறையில் ஒன்றாகக் கிடக்கின்றன. சாவி செயல் அலுவலரிடம் இருக்கிறது. அறையைத் திறந்தால் கண் எரிகிறது. எங்கே அனுப்புவது, யார் எடுத்துச் செல்வார்கள், எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது என்று யாருக்கும் விளங்கவில்லை. சுமார் 4,000 வீடுகள் உள்ள ஊர் எங்களுடையது. இதை ஆண்டுதோறும் தொடர்ந்து நடத்த நிதி எங்கிருந்து கிடைக்கும் என்பதையும், மலையேறினால் குமுளி பக்கத்தில் இருப்பதால் கேரளத்தின் ஏற்பாட்டோடு சேர்ந்துகொள்ள வழி உண்டா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1: ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

அம்மா, வணக்கம். துப்புரவு ஆய்வாளராக நகராட்சிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிதி பற்றிப் பிறகு வருகிறேன். அந்த அறைதான் முதலில் என்னை உறுத்துகிறது.

உள்ளாட்சி அறைகளில் வழக்கமாக என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடர் மூட்டை அங்கேதான் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் கழிப்பறை ஆசிட் கசிந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். அடுத்ததாக, தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக் குழாய்கள் அந்தச் சாக்குகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும், மழை ஒழுகும் கூரையின் கீழ் அவற்றை ஒரு நாளும் வைக்கக் கூடாது. ஆகவே நாளைக்கே பிளீச்சிங் பவுடரை வேறிடத்துக்கு மாற்றி, சன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, பூச்சிமருந்துச் சாக்குகளைத் தரையில் படாமல் விளிம்புள்ள பிளாஸ்டிக் தொட்டிகளில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு பாட்டிலில் உள்ளதை இன்னொன்றில் ஊற்றி இடத்தை மிச்சப்படுத்த யாராவது முனைந்தால் தடுத்துவிடுங்கள். பெயர் தெரியாத அந்தத் துருப்பிடித்த டப்பாவைத் திறந்து பார்க்காமல், அப்படியே மூடியுள்ள வாளிக்குள் மணலிட்டு இறக்கி, ‘உள்ளடக்கம் தெரியாது’ என்று எழுதி ஒட்டுங்கள். பெரியவர் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் படித்தபோது என் வயிறு கலங்கியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் பணம், பிறகு முகாம், கடைசியில் கழிவு போய்ச் சேரும் போக்கிடம் என்ற வரிசையில் நடந்த எல்லா ஊர்களிலும் உங்கள் அறையைப் போல ஓர் அறை மிஞ்சியிருக்கிறது. போக்கிடத்தை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, அவர்கள் கிலோவுக்குக் கேட்கும் தொகையை அறிந்து, அதன் பிறகே மக்களிடம் ‘கொண்டு வாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அந்த விலை தெரியாமல் தயாரிக்கும் நிதிநிலைக் கணக்கு வெறும் ஊகம்தான்.

போக்கிடத்தைத் தேடும்போது ‘அபாயகரக் கழிவு’ என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் எல்லாவற்றுக்கும் அதிகபட்ச விலையைக் கொடுக்க வேண்டிவரும். பொருளுக்குப் பொருள் சட்டம் வேறு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பேட்டரி, ஊசி ஆகியவற்றை வீட்டு அபாயகரக் கழிவு என்று ஒன்றாக வகைப்படுத்தின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் ஒப்படைப்பு மையம் அமைத்து, அது திறந்திருக்கும் நேரத்தை அறிவிப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் அவை சொல்லின. உங்கள் பேரூராட்சிக்கு ஒரு மையமே போதுமானதாக இருக்கும். ஆனால் அந்த மையத்துக்குள் வந்த பிறகு வழிகள் பிரிகின்றன. பேட்டரிகளுக்கு 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உண்டு. கணினி, கைப்பேசி முதல் சிஎஃப்எல், டியூப்லைட் வரை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் வருகின்றன. இந்த இரண்டிலும் தயாரிப்பாளர் பொறுப்பு உண்டு. விற்ற அளவுக்கு ஏற்பக் கழிவை மறுசுழற்சி செய்ததாகத் தயாரிப்பாளர் சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அவர் வாங்க வேண்டும். எனவே மறுசுழற்சியாளருக்கு உங்கள் சரக்கு தேவைப்படுகிறது. பேட்டரியையும் மின்னணுப் பொருளையும் பணம் கொடுத்து அனுப்பாதீர்கள். விலை கேளுங்கள், குறைந்தபட்சம் அவர்களே வண்டி கொண்டுவந்து எடுத்துச் செல்லட்டும். டியூப்லைட்டுக்கு மட்டும் அந்தப் பேரம் எளிதில் படியாது, ஏனென்றால் அதில் கிடைக்கும் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் மதிப்புக் குறைவு, உள்ளே இருக்கும் பாதரசத்தைப் பிரிப்பதற்குச் செலவு அதிகம்.

ஊசியும் மாத்திரையும் மருத்துவக் கழிவு மையத்தின் வண்டியில் ஏற வேண்டியவை. அந்த வண்டி ஏற்கெனவே உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு வந்து போகிறது. மருத்துவமனைக்குப் படுக்கைக் கணக்கில் கட்டணம் வாங்கும் அந்த நிறுவனத்தோடு, மருத்துவ அலுவலரையும் வைத்துப் பேசி, பேரூராட்சியின் பெயரில் எடைக்கணக்கில் தனி ஒப்பந்தம் போடுங்கள். ஊசிக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி, மாத்திரைக்கு மஞ்சள் பை என்பது அவர்கள் முறை. அதையே பின்பற்றினால் மறுபடி பிரிக்க வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது பூச்சிமருந்து, பெயிண்ட், ஆசிட், பெயர் தெரியாதவை. இவைதாம் அபாயகரக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைத்தும் எரித்தும் அழிக்கும் மையத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் அத்தகைய மையங்கள் உண்டு. உங்களுக்கு விருதுநகர்தான் பக்கம். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் வழியாக எழுதி, மையத்தில் உறுப்பினராகி, படிவம் 10 என்ற சரக்குச் சீட்டோடு அனுப்ப வேண்டும். தொழிற்சாலைகள் அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் தேக்கக் கூடாது என்பதும், ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உண்டாக்கும் சிறியவர்களுக்கு வாரியம் அதை 180 நாள் வரை நீட்டிக்கலாம் என்பதும் அபாயகரக் கழிவு விதிகளில் உள்ளவை. வீட்டுக் கழிவுக்கு அந்தக் கெடு நேராகப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் அறை ஒருபோதும் நிரம்பாது.

இப்போது நிதி. ஒருமுறைச் செலவையும் தொடர் செலவையும் கலக்காதீர்கள். சிமெண்ட் தரை, கசிவு வெளியேறாத திட்டு, கூரை, எடைமேடை, தொட்டிகள், தீயணைப்பு மணல் என மையத்தைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. இதற்கு 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் வழி இருந்தது: மொத்தத்தில் 60 விழுக்காடு, குறிப்பிட்ட பணிக்கே செலவிட வேண்டிய கட்டுண்ட நிதி, அதில் பாதி துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும் உரியது. அந்த நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதில் செலவாகாத மீதி இருந்தால் கட்டடத்துக்குப் பயன்படுத்துங்கள், மாதச் செலவுக்கு இத்தகைய மானியத்தை நம்பாதீர்கள். இன்னொரு வழி, நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். வணிகர் சங்கமும் மருந்துக் கடைக்காரர்களும் திராட்சை விவசாயிகளும் சேர்ந்தால் அந்தப் பங்கைத் திரட்டுவது கடினமன்று. சட்டமன்ற உறுப்பினர் நிதியும் கட்டடத்துக்குப் பயன்படும், வண்டி வாடகைக்குப் பயன்படாது.

தொடர் செலவு பொது நிதியிலிருந்தும் சேவைக் கட்டணத்திலிருந்தும்தான் வர வேண்டும். கணக்கைச் சொல்கிறேன். 4,000 வீட்டில் வீட்டுக்கு மாதம் 3 ரூபாயை இதற்கென்று ஒதுக்கினால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கிலோ வருகிறது என்று வைத்தாலும் 4 டன். அதில் பேட்டரி, மின்னணு, ஊசி ஆகியவற்றைக் கழித்துவிட்டால், விருதுநகர் வரை போக வேண்டியது அதில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதிக்கு ஒரு லாரியை முழுவதும் வாடகைக்கு எடுப்பதுதான் உங்களை முடக்கும். கூடலூர், கம்பம், சின்னமனூர் நகராட்சிகளில் ஒன்று முன்னின்று, பள்ளத்தாக்கின் பேரூராட்சிகள் எல்லாம் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே லாரி, எடைக்கு ஏற்ற பங்கு என்று தீர்மானம் போட்டால் வாடகை பல பங்காகப் பிரிந்துவிடும். ஒப்பந்தப்புள்ளியில் ‘முகாம் நடத்துதல்’ என்று மொத்தத் தொகை கேட்காமல், வகைவாரியாகக் கிலோ விலையும் தனியாக வண்டி வாடகையும் கேளுங்கள். மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் எடுத்தவருக்குக் குறைவாகச் சேகரிப்பதில்தான் லாபம் இருக்கிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

ஊசி குத்திய அந்த அக்காவுக்கும் மற்ற பணியாளர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாகிவிட்டதா? முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. கூரை போடுவதற்கு முன்பு இது முடிய வேண்டும்.

---

பதில் 2: மலைச்சாரல்

குமுளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய் மக்காத குப்பையைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையில் வேலை செய்கிறேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்துக் கூட்டத்தில் மலையாளம்.

பள்ளத்தாக்கு அக்கா, சரக்கை இந்தப் பக்கம் அனுப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கேரளத்தில் அபாயகரக் கழிவுக்கான மையம் கொச்சி அம்பலமேட்டில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாநிலத்தில் உண்டான அபாயகரக் கழிவை அழிப்பதற்காக இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மறுசுழற்சிக்கு என்றாலும் இரு வாரியங்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அதோடு, 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்தில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிய விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், லாரி லாரியாகத் திரும்ப அள்ளிக்கொண்டு வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு சோதனைச் சாவடியில் குப்பை வண்டி என்றாலே தார்ப்பாயை விலக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பும் பூச்சிமருந்து டப்பாக்கள் மறுநாள் இரண்டு மாநிலத் தொலைக்காட்சியிலும் வரும்.

ஆனால் எங்கள் முறையிலிருந்து சிலவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் வீடு வீடாகப் போய் மாதம் குறைந்தது 50 ரூபாய் வாங்குகிறோம். அதிலிருந்துதான் எங்களுக்கு ஊதியம். பணம் கொடுத்த வீட்டுக்கு ரசீது உண்டு. தொடக்கத்தில் கதவைச் சாத்தியவர்கள்கூட, சரியான நாளில் சரியாக வந்து எடுக்கிறார்கள் என்று கண்ட பிறகு கொடுக்கத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக்கை மாதந்தோறும் எடுப்போம். மற்றவற்றுக்கு, கேரள அரசின் கழிவு மேலாண்மை நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனியின் நாள்காட்டி உண்டு: ஒரு மாதம் மின்னணுப் பொருள், ஒரு மாதம் மாத்திரை அட்டை, ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் செருப்பும் பையும் என்று முறை வைத்து எடுக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கும் முகாமைவிட இது மேல் என்பது என் கருத்து. ஒரு மாதம் முழுவதும் டியூப்லைட் மட்டும் என்றால், அதற்குரிய அட்டைப் பெட்டியோடு போகலாம். எடுப்பவர் கையும் அந்த ஒன்றுக்கே பழகிவிடும். முகாமில் ஒரே மேசைக்கு ஊசியும் ஆசிட்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

டியூப்லைட்டைப் பற்றி ஒன்று. எங்கள் முதல் சுற்றில் வந்தவற்றைச் சாக்கில் நுழையவில்லை என்று நாங்களே நடுவில் உடைத்துப் போட்டோம். ‘டப்’ என்று வெடித்து வெள்ளைப் பொடி பறந்தது. எங்களுக்கு அது விளையாட்டாகக்கூட இருந்தது. அந்தப் பொடியில்தான் பாதரசம் இருக்கிறது என்று பயிற்சியில் சொன்ன பிறகு, கடைகளில் புது டியூப்லைட் வந்த நீள அட்டை உறைகளைக் கேட்டு வாங்கி, ஓர் உறையில் ஒன்று என்று செருகுகிறோம். எலக்ட்ரிக்கல் கடைக்காரர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த உறை குப்பைதான்.

வீட்டு மருந்துக்கு வேறொரு வழியும் உண்டு. பயன்படுத்தாத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை எங்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது; சேர்ந்த மருந்து அம்பலமேட்டுக்குப் போகிறது. உங்கள் ஊரிலும் மெடிக்கல் கடைகளில் பூட்டிய பெட்டி வைத்தால் மாத்திரைக்கென்று முகாமே தேவைப்படாது. பூட்டு முக்கியம், தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் அதில் விழும்.

---

பதில் 3: உரக்கடை_திண்ணை

சின்னமனூர்ப் பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் ஐந்து சாக்கில் என் கடைச் சரக்கும் இருக்கக்கூடும் என்பதால் வாயைத் திறக்க வேண்டியது என் கடமை.

அந்தப் பாட்டில்களை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: உள்ளே மருந்து இருப்பவை, காலியானவை. காலியான பாட்டிலை மூன்று முறை கழுவினால் அதன் நச்சு பெருமளவு போய்விடும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. இதைத் தோட்டத்தில், மருந்து கலக்கும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். காய்ந்து ஒட்டிப்போன பாட்டிலை மாதங்கள் கழித்துப் பேரூராட்சி அறையில் கழுவினால் கழுவிய தண்ணீரும் ஓர் அபாயகரக் கழிவாகிவிடும், அது கடைசியில் முல்லைப் பெரியாற்றில்தான் போய்ச் சேரும். எனவே இப்போது உங்களிடம் இருப்பதைக் கழுவ முயல வேண்டாம். இனி வருவதற்கு மட்டும் ‘மும்முறை கழுவி, அடியில் துளையிட்டுக் கொண்டுவந்தால் மட்டுமே பெற்றுக்கொள்வோம்’ என்று அறிவியுங்கள். துளையிடுவது எதற்கென்றால், எங்கள் பகுதியில் இந்தப் பாட்டில்கள் மறுபிறவி எடுப்பவை. மலைத் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் போகிறவர்களின் பைகளில், லேபிளைக் கிழித்துவிட்டுத் தண்ணீர் நிரப்பிய மருந்து கேனை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மருந்து இருக்கும் பாட்டில்களில் லேபிளின் சாய்சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பணியாளரும் நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். சிவப்பு உள்ளவற்றைத் தனித் தொட்டியில், பூட்டுக்குள், எண்ணிக்கை எழுதி வையுங்கள். திருட்டுக்காக மட்டும் சொல்லவில்லை; ஊரில் யாருக்கு எந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளைக் காட்டி, காலி டப்பாவை உடைத்துக் குடியிருப்புக்குத் தொலைவில் புதைத்துவிடச் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். விதி 44-இல் அப்படி இருப்பது உண்மை. நூறு வீட்டுக்கு ஒரு கிணறு இருந்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் போர்வெல் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் தொலைவு என்று எதைச் சொல்வது? அதே விதி, மிச்ச மருந்தையும் டப்பாவையும் நீர்நிலை கெடாமல் அகற்றும் கடமை தயாரிப்பாளருக்கும் உண்டு என்கிறது. மன்றத் தீர்மானத்தில் அந்த வரியை எடுத்துக்காட்டி, கம்பெனிகளின் வட்டார விற்பனை அலுவலர்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பணம் தருவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு விருந்து வைக்கவும் விவசாயிகளுக்குத் தொப்பி கொடுக்கவும் அவர்களிடம் பணம் இருப்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

என்னைப் போன்ற கடைக்காரர்களால் ஒன்று முடியும். பாட்டில் விலையோடு 5 ரூபாய் முன்பணம் சேர்த்து வாங்கி, கழுவித் துளையிட்ட பாட்டில் திரும்பினால் அதைக் கொடுத்துவிடலாம். ஒரே கடை செய்தால் ‘அவன் 5 ரூபாய் கூட வாங்குகிறான்’ என்ற பெயர்தான் மிஞ்சும், எல்லாக் கடையும் சேர்ந்து செய்ய வேண்டும். அதற்குப் பேரூராட்சி அழைத்தால் நான் வருகிறேன்.

---

பதில் 4: கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. மூன்று ரூபாய்தானே என்று ஆய்வாளர் ஐயா எழுதிவிட்டார். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், ஏற்கெனவே குப்பைக் கட்டணம் என்று கட்டுகிற வீட்டுக்காரர், ரசீதில் இன்னொரு தலைப்பு ஏறினால் தொகையைப் பார்க்க மாட்டார், அந்தத் தலைப்பைத்தான் பார்ப்பார். புதுத் தலைப்பில் வசூலிக்காதீர்கள். இருக்கிற சேவைக் கட்டணத்துக்குள் இத்தனை விழுக்காடு இதற்கு என்று மன்றம் உள்ளுக்குள் ஒதுக்கிக்கொள்ளட்டும். இன்னொன்று: தோட்டத்துப் பாட்டிலுக்கு வீட்டுக்காரர் பணத்தைச் செலவழிக்கிறோம் என்ற கேள்வி கட்டாயம் எழும். பத்து ஏக்கர் திராட்சைக்காரரின் டப்பாவும் ஓய்வூதியக்காரரின் மாத்திரையும் ஒரே கணக்கில் வரக் கூடாது. வீட்டுக்கு இத்தனை கிலோ வரை இலவசம், அதற்கு மேல் எடைக்குக் கட்டணம் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

பள்ளத்தாக்கு_வார்டு (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயாவின் பதிலைப் படித்த மறுநாளே செயல் அலுவலரோடு போய் அறையைத் திறந்தோம். அவர் சொன்னது போலவே சுவரோரம் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்தன, அவற்றின்மேல்தான் ஆசிட் கேன்களை அடுக்கியிருந்தார்கள். அன்று மாலையே மாற்றிவிட்டோம். நிறம் பார்த்துப் பிரித்ததில் சிவப்பு 23 பாட்டில், மஞ்சள் 41. லேபிள் இல்லாதவை 17. அலுமினியம் பாஸ்பைடு குழாய் ஒன்று, மூடி திறக்காதது, கிடைத்தது. உலர்ந்த தனித் தகரப் பெட்டியில் இருக்கிறது. தடுப்பூசியின் முதல் தவணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமை போடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன வரம்பை ஏற்றுக்கொள்கிறேன். மன்றத்தில் வைக்கப்போகும் தீர்மானத்தில், இந்த இருப்பு விருதுநகர் போய்ச் சேர்ந்து சீட்டு கைக்கு வரும் வரை அடுத்த சேகரிப்பை அறிவிப்பதில்லை என்று எழுதியிருக்கிறோம். அதன் பிறகு முகாமுக்குப் பதிலாக மாதம் ஒரு பொருள். அடுத்த துண்டறிக்கையில் ‘மாத்திரை, டானிக்’ என்று ஒரு தாளும் ‘தோட்டத்து மருந்து’ என்று வேறு நிறத்தில் ஒரு தாளும் அடிக்கிறோம். உரக்கடை அண்ணனுக்குப் பேரூராட்சியிலிருந்து கடிதம் வரும்.

ஒரே ஒரு ஐயம். பிரிக்கும்போது பழைய பாதரச வெப்பமானி ஒன்று தவறி விழுந்து உடைந்துவிட்டது. மணி மணியாக ஓடியதைத் தாளால் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது?

---

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

துடைப்பத்தால் பெருக்காமல் விட்டீர்களே, நல்லது. பெருக்கினால் மணிகள் இன்னும் சிறிதாகிப் பரவும், துடைப்பமும் கழிவாகிவிடும். ஒரு வெப்பமானியில் இருப்பது ஏறத்தாழ நூறு சிஎஃப்எல் பல்புகளில் உள்ள பாதரசத்துக்குச் சமம், எனவே அலட்சியம் வேண்டாம். 2001-இல் மூடிய கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருப்பதும் இந்தப் பொருளுக்காகத்தான். கதவு, சன்னலைத் திறந்து வைத்து, மோதிரம், வளையல் போன்ற தங்க நகைகளைக் கழற்றிவிட்டு, கையுறையோடு, கெட்டியான அட்டையால் மணிகளை ஒன்றாகச் சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, சிறிது தண்ணீர் உள்ள கண்ணாடிப் புட்டியில் விடுங்கள். தரையில் ஒட்டிய பொடி மணிகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, அந்த நாடா, அட்டை, கையுறை, சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் புட்டியோடு வையுங்கள். ஒதுக்கி வைத்த அந்தத் தாளையும் அதே பையில் போடுங்கள். விருதுநகருக்கு எழுதும் பட்டியலில் ‘பாதரசம், 1 புட்டி’ என்று தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். லாரி வந்த பிறகு சேர்த்தால் ஏற்ற மாட்டார்கள்.